மாப்பிள்ளைக்கும் மூன்றே தடவை

எங்கள் ஊரில் டங்க் போட்டியைக் கெடுத்தது மரியாதைதான். இதை எந்த மேடையில் ஏறிச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். அதனால் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் துடியலூரிலேயே சிலர் இருக்கிறார்கள். போகட்டும், எனக்கும் வணக்கம் சொல்கிற வேலை மிச்சம்.

டங்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருக்கும். சாதாரணமாகப் பந்தை அதற்குள் எறிவோம். டங்க் அடிக்கிறவர் ஓடிவந்து எழும்பி, வளையத்துக்கு மேலே கையைக் கொண்டுபோய், பந்தை உள்ளே திணித்துவிட்டு இறங்குவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நானும் தொண்டை கட்டும் வரை கத்திப் பார்த்தவள்தான். கோயமுத்தூருக்குக் கூடைப்பந்து இன்று நேற்று வந்ததில்லை. மாலை நேரத்தில் எந்தப் பக்கம் வண்டியில் போனாலும் ஏதாவது ஒரு மைதானத்தில் பந்து தரையில் அடிபடுகிற சத்தம் கேட்கும். நான் பள்ளியில் ஆடி, கல்லூரியில் ஆடி, கல்யாணத்துக்குப் பிறகும் ஆடி, இப்போது ஒரு பம்ப் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் நாள் முழுக்க விலை பேசிவிட்டு வந்தும் ஆடிக்கொண்டிருக்கிறேன். நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. முழங்கால் அவ்வப்போது முனகும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற, நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ஆல்ஸ்டார் டங்க் போட்டி நமக்கு ஞாயிறு காலை. பிப்ரவரியில் அந்த ஒரு ஞாயிறு மட்டும் எங்கள் கிளப் ஆட்கள் பயிற்சியை அரைகுறையாக முடித்துவிட்டு மேட்டுப்பாளையம் ரோட்டுப் பேக்கரிக்கு ஓடுவார்கள். ஒரு போனைப் பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்து, சுற்றி நின்று பார்ப்போம். பார்ப்பது கொஞ்சம், பேச்சுதான் அதிகம். பெரிய ஆட்டக்காரர்கள் இப்போதெல்லாம் போட்டிக்கே வருவதில்லை என்பார் ஒருவர். நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுகிறார்கள் என்பார் இன்னொருவர். காரைத் தாண்டுகிறார்கள், ஆளைத் தாண்டுகிறார்கள், கடைசியில் டங்க் எங்கே போனதென்றே தெரியவில்லை என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். அமெரிக்காக்காரனுக்கு யோசனை சொல்ல எங்கள் ஆட்களுக்கு ஒரு தேங்காய் பன்னும் ஒரு டீயும் போதும்.

என் கட்சி வேறு. தவறவிட்டால் மறுபடி, மறுபடியும் தவறவிட்டால் இன்னொரு தடவை என்று விடுகிறார்கள் பாருங்கள், அதுதான் கேடு. முதல் ஓட்டத்தில் விழுந்தால் அது டங்க். அஞ்சாவது ஓட்டத்தில் விழுந்தால் ஆறிப்போன டீ. இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். "அக்காவுக்கு டங்க்கே புடிக்காதுங்க" என்பார்கள். பிடிக்காததால் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வது அவர்களுக்கு வசதி.

அமெரிக்காவை விடுங்கள். எங்கள் கிளப்பிலும் வருடம் ஒருமுறை ஆல்ஸ்டார் நாள் உண்டு. கோயமுத்தூர் அணி ஒன்று, பொள்ளாச்சி, திருப்பூர், மேட்டுப்பாளையம், வால்பாறை என்று சுற்று வட்டாரத்திலிருந்து பொறுக்கியெடுத்த வெளியூர் அணி ஒன்று. காலையில் குழந்தைகள் ஆட்டம், சாயங்காலம் ஆண்கள் ஆட்டம், பிறகு பொன்னாடை, பிறகு டங்க் போட்டி, எல்லாவற்றுக்கும் கடைசியில் பெண்கள் ஆட்டம். எங்கள் மைதானத்தைச் சுற்றி வீடுகள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிற தெரு. அதனால் ஒன்பது மணிக்கு மைக்கையும் பெரிய விளக்குகளையும் அணைத்துவிடுவதாகத் தெருக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதை மீறியதில்லை, மீறவும் கூடாது. ஆகவே முன்னால் இருப்பவர்கள் எவ்வளவு நேரத்தைத் தின்றாலும் அது பெண்கள் ஆட்டத்தின் வயிற்றிலிருந்துதான் போகும்.

அவர்கள் தின்கிற விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து "போதும், உட்காருங்க" என்று சொல்ல நாக்கு எழாது. நாயை விரட்டும்போதுகூட ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்கிற ஊர் இது. டங்க் அடிக்க ஓடிவந்த பையன் தவறவிட்டால், "பரவால்ல கண்ணு, இன்னொருக்கா பாரு" என்பார்கள். மறுபடி தவறவிட்டால், "பாவம், பையன் மனசு கஷ்டப்படும்" என்று இன்னொரு தடவை. விழுகிற வரைக்கும் விடுவார்கள். விழாவிட்டால், வளையத்தைத் தொட்டதையே டங்க் என்று வைத்துக்கொண்டு பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். மூன்று நடுவர்களும் எல்லோருக்கும் பத்து. பிறகு யார் ஜெயித்தது என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவார்கள். இதற்கு எதற்கு ஓடிவந்து குதிக்க வேண்டும், சீட்டை மட்டும் குலுக்கியிருக்கலாமே என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒருமுறை ஒரு பையன் தன் சித்தப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, அவர் தலைக்கு மேல் தாண்டி டங்க் அடிப்பதாக அறிவித்தான். சித்தப்பாவும் புது வேட்டி கட்டி வந்து உட்கார்ந்தார். பையன் பாய்ந்து வந்தான். பக்கத்தில் வந்ததும் சித்தப்பா எழுந்து, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி, "வா சாமி, வா" என்று கையைக் காட்டினார். பையனுக்குத் தாண்ட ஆளில்லாமல் போய் கால் பின்னி விழுந்தான். அவரைக் கேட்டால், "புள்ள இத்தன வேகமா வர்றான், நாம குறுக்க உக்காந்திருந்தா நல்லாருக்குமுங்களா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் அந்த வருடமும் எங்கள் ஆட்டம் பாதியில் நின்றது. அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

போன வருடம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆல்ஸ்டார் நாளுக்குப் பந்தலும் சாப்பாடும் கொடுப்பவர் ஒரு மில்காரர். நல்ல மனிதர்தான், கை தாராளம். அவருக்குப் புதிதாக மாப்பிள்ளை வாய்த்திருந்தார். மாப்பிள்ளை நெடுநெடுவென்று உயரம், என்ஜினீயரிங் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். அது போதாதா? மாமனார் டங்க் போட்டியில் பேரைக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரம் தெரியுமல்லவா? இலையில் இரண்டாவது தடவை வேண்டாமென்றால், மூன்றாவது தடவை அள்ளி வைப்பார்கள். அதே உபசாரத்தை மைதானத்திலும் செய்தார்கள். மாப்பிள்ளை ஓடிவந்தார், எழும்பினார், பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. "இன்னொருக்கா பாருங்க மாப்பிள்ளை!" மறுபடி ஓடினார், தெறித்தது. "இந்தத் தடவ உழுந்துரும் பாருங்க!" விழவே இல்லை. எங்கள் செயலாளர் அண்ணன் மைக்கில் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே அறிவித்தார். வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டிப்போய், அந்த மனிதர் எத்தனை முறை ஓடினாரென்று எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்டோம்.

நாங்கள் பன்னிரண்டு பெண்கள் ஷூவைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தோம். உடம்பைச் சூடாக்கி, அது ஆறிப்போய், மறுபடி சூடாக்கினோம். எங்களுக்கு எதிரணியில் வால்பாறைப் பெண் ஒருத்தி. தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வருகிறவள். அங்கே ஒரு பள்ளி மைதானத்தில், மழை விட்ட நேரத்தில் மட்டும் ஆடி இந்த அளவுக்கு வந்தவள். அன்று காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கி, வளைவுகளில் வாந்தி எடுத்து, மத்தியானமே வந்து சேர்ந்து, சாயங்காலம் வரை காத்திருந்தாள். கடைசியில் எங்களுக்கு ஒரு குவார்ட்டர், அதாவது கால் பங்கு ஆட்டம், கொடுத்தார்கள். அதுவும் முடிவதற்குள் விளக்கு அணைந்தது. அவள் கைக்குப் பந்து வந்ததே இரண்டு முறையோ என்னவோ. ஷூவைக் கழற்றிப் பைக்குள் வைக்கும்போது, "பரவால்லீங்க அக்கா, அடுத்த வருசம் வாரேன்" என்றாள். அவள் என்னைச் சமாதானப்படுத்தினாள். அந்தப் 'பரவாயில்லை' என்கிற வார்த்தை மேலேயே வெறுப்பு வந்தது.

இந்த வருடம் தை முடிவதற்குள் கமிட்டிக் கூட்டம் போட்டார்கள். ஆல்ஸ்டார் நாளை எப்படி மெருகேற்றலாம் என்பது பேச்சு. கமிட்டியில் பெண் என்று இருப்பவள் நான் ஒருத்திதான். டீ வந்ததும் யோசனைகள் கொட்டின. டி.ஜே. வைக்கலாம் என்றார் ஒருவர். மேலே கேமரா பறக்கவிடலாம் என்றார் இன்னொருவர். புகை வரும் மெஷின் கல்யாண மண்டபத்தில் சும்மா கிடக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள் என்றார்கள். வளையத்தை ஒன்பது அடிக்கு இறக்கிவிட்டால் எல்லோரும் டங்க் அடிக்கலாமே என்று ஒருவர் சொன்னதற்கு மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

"எட்டடிக்கு இறக்குங்க. நடுவருங்களும் அடிக்கலாம்" என்றேன்.

செயலாளர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபத்தை அப்படித்தான் காட்டுவார். "நீங்க என்னதானுங்க அம்மணி சொல்ல வாரீங்க?"

"மூணு தடவைங்கண்ணா. யாரா இருந்தாலும் மூணே தடவ. மூணுலயும் உழுகலீன்னா முட்டை. உக்காந்துக்கோணும். எட்டு மணிக்கு முன்னால எங்க ஆட்டம் ஆரம்பிக்கோணும், நாலு குவார்ட்டரும் நடக்கோணும். வேற ஒண்ணும் மெருகேத்த வேண்டாம்."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆசையாக வருகிற பையன்களை எப்படி உட்காரச் சொல்வது? ஊரில் தலை காட்ட முடியுமா? ஜனங்கள் டங்க் பார்க்கத்தானே வருகிறார்கள், பெண்கள் ஆட்டம் தொடங்கினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்களே? போகாமல் என்ன செய்வார்கள், எட்டரை மணிக்கு ஆரம்பித்தால் குழந்தையைத் தூங்க வைக்க வேண்டாமா என்று கேட்டேன். அப்படியானால் மத்தியானம் மூன்று மணிக்கு ஆடிவிடுங்களேன் என்றார் ஒருவர், பெரிய உதவி செய்கிற முகத்தோடு. மூன்று மணிக்கு அந்தச் சிமெண்ட் தரையில் அப்பளம் பொரிக்கலாம். பார்க்க ஒரு ஈ காக்கை இருக்காது. மற்றவர்களுக்கு எந்த விளக்கு, எந்தக் கூட்டமோ, எங்களுக்கும் அதே வேண்டும் என்றேன்.

ஒரு இளவட்டம் கேலியாகக் கேட்டான்: "அக்கா, பொம்பளைங்க ஆட்டத்துல டங்க் அடிப்பீங்களா?"

"நீங்களுந்தான் அடிக்கறதில்ல. அதப் பாக்கவே ஒரு மணி நேரம் உக்காந்திருக்கோமே" என்றேன்.

செயலாளர் அண்ணன் கெட்டவர் இல்லை. அந்த மைதானத்தின் சிமெண்ட் தரை அவர் வீடு வீடாக அலைந்து போட்டது. அவர் பயமும் எனக்குப் புரிந்தது. "சரிங்க, மூணுன்னே வெச்சுக்குவோம்" என்றார். "மில்காரர் மாப்பிள்ளை இந்த வருசமும் பேரு குடுத்திருக்காரு. மூணாவது தடவையும் தவறிப்போச்சுன்னா அவரை உக்காருங்கன்னு யாருங்க சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேன். விசில் ஊதறேன்."

சரி சரி என்றார்கள். அப்போதைக்குத் தலையாட்டிவிட்டு அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அதுவும் எங்கள் ஊர் மரியாதைதான். நேரில் மறுக்க மாட்டார்கள், காரியத்தை மட்டும் நடக்க விடமாட்டார்கள்.

ஆல்ஸ்டார் நாளும் வந்தது. ஆண்கள் ஆட்டம் முடிந்து பொன்னாடை தொடங்கியபோதே நான் ஜெர்சிக்கு மேல் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு வளையத்தின் கீழே போய் நின்றுவிட்டேன். வால்பாறைப் பெண் எதிர்ப்பக்கம் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சொன்னபடி வந்திருந்தாள். இந்த முறையும் முகம் வெளுத்துத்தான் இருந்தது.

முதலில் வந்த பையன் இரண்டாவது தடவையிலேயே அருமையாக அடித்தான். வளையம் நின்று ஆடியது. கூட்டம் எழுந்து கத்தியது, நானும் கத்தினேன். அடுத்தவன் மூன்றையும் தவறவிட்டான். ஊதினேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை, நாலாவது ஓட்டத்துக்காகப் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தான். மறுபடி ஊதி, பெஞ்சைக் காட்டினேன். "அட, விடுங்கக்கா" என்று குரல்கள் வந்தன. விடவில்லை. ஒரு வேடிக்கை நடந்தது. அதற்குப் பிறகு ஓடிவந்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக ஓடிவந்தார்கள். கூட்டமும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. மூன்றாவது தடவை ஒருவன் ஓடத் தொடங்கினால் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இதைத்தானே ஐயா நான் பேக்கரியில் கத்திக்கொண்டிருந்தேன்!

கடைசியாக மாப்பிள்ளை. செயலாளர் அண்ணன் மைக்கில் வழக்கத்தைவிட நீளமாக அறிவித்தார். மாப்பிள்ளை ஓடிவந்தார். பந்து வளையத்தின் பின்பக்கம் பட்டு எகிறியது. இரண்டாவது முறை எழும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டு நழுவியது. மூன்றாவது முறை நன்றாகவே எழும்பினார், பந்தும் வளையத்தின் மேலே போனது, விளிம்பில் தட்டி வெளியே விழுந்து பொன்னாடைகள் அடுக்கியிருந்த மேசை வரை உருண்டது. கூட்டம் "ஐயோ" என்றது.

முன் வரிசையில் மில்காரர் எழுந்து நின்றார். "இன்னொருக்கா பாருங்க மாப்பிள்ளை! இப்ப உழுந்துரும்!" செயலாளர் அண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, நமது மாப்பிள்ளை அவர்கள் மீண்டும் ஒருமுறை…"

ஊதினேன். மூச்சு உள்ளவரை ஊதினேன். மைக்கில் அண்ணன் பேசியது அதில் மூழ்கிப்போனது. ஊதி முடித்தபோது பந்தல் காத்தாடி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. எனக்குப் பயமும் இருந்தது, கோபமும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். மாப்பிள்ளை பந்தை எடுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். சண்டைக்கு வருகிறாரென்று நினைத்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன்.

அவர் பந்தை இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தார். முதுகைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "ரொம்ப நன்றிங்க அக்கா. போன வருசம் முழங்கால்ல ஜவ்வு கிழிஞ்சே போச்சுங்க. யாராச்சும் நிறுத்தச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துது. மாமா ஆசையா சொல்றாரு, முடியாதுன்னு எப்படிங்க சொல்றது?"

எனக்குக் கோபம் தணியவில்லை. இன்னும் ஏறியது. கிழிந்த காலோடு ஒரு மனிதனை இத்தனை பேர் சேர்ந்து கைதட்டிக் கைதட்டிக் குதிக்க வைத்திருக்கிறோம், மரியாதை என்ற பெயரில். அவரும் மரியாதை என்ற பெயரில் குதித்திருக்கிறார். அதே மரியாதையில் வால்பாறைக்காரி பரவாயில்லை என்று ஷூவைக் கழற்றியிருக்கிறாள்.

"போய் ஐஸ் வெச்சு உக்காருங்க" என்றேன்.

அதற்குள் மில்காரர் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை, 'ங்க'வும் குறையவில்லை. "ஏனுங்க அம்மணி, ஊட்டு மாப்பிள்ளைய இத்தன சனத்துக்கு முன்னால உக்காரச் சொல்லிப்போட்டீங்களே. இது நல்லாருக்குங்களா?"

"உங்க ஊட்டுல மாப்பிள்ளைக்கு எத்தன தடவ வேணும்னாலும் குடுங்க. இங்க எல்லாத்துக்கும் மூணுதானுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவரோடு வந்தவர்கள் எழுந்தார்கள், அவர்களுக்கு வேண்டியவர்கள் எழுந்தார்கள். முன் வரிசை காலி. மாப்பிள்ளை மட்டும் போகவில்லை. கேண்டீனிலிருந்து ஐஸ் வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டு ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

செயலாளர் அண்ணன் என்னிடம் வந்தார். அழுதுவிடுவார் போலிருந்தது. "ஜெயிச்சுப்போட்டீங்க அம்மணி. அடுத்த வருசம் பந்தலுக்கு யாருங்க வருவாங்க?"

"தெரியாதுங்கண்ணா. பந்தல் இல்லாட்டியும் நாங்க வருவோம்" என்றேன். கோட்டைக் கழற்றி விசிலோடு அவர் கையிலேயே கொடுத்தேன். எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஆடினோம். முதல் குவார்ட்டர் முடிந்து இரண்டாவது தொடங்கியபோது, என் அணியில் ஆடுகிற நர்ஸ் ஒருத்தி, "நெசமாவே இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். எங்களுக்கு அதற்குமேல் ஆடிப் பழக்கமே இல்லாமல் போயிருந்தது. மூன்றாவதில் எங்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது, அவர்களுக்கு வாங்கவில்லை. வால்பாறைப் பெண்ணைப் பற்றி என்ன சொல்ல? போன வருடம் கைக்கு எட்டாமல் போனதையெல்லாம் அன்று அள்ளிக்கொண்டாள். எங்களில் யாராலும் அவளைப் பிடிக்க முடியவில்லை. முன் வரிசைதான் காலியாக இருந்தது, பின்னால் ஜனம் நின்றுகொண்டு பார்த்தது. குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தபடியே ஒருத்தி ஆட்டம் முடியும்வரை நின்றாள்.

கடைசி நிமிடத்தில் பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். தோல்வி முடிவாகிவிட்டது. பந்து என் கைக்கு வந்தது, எனக்கும் வளையத்துக்கும் நடுவே வால்பாறைக்காரி. நான் பந்தைத் தட்டிக்கொண்டு இறங்கினேன். அவள் ஒரு அடி பக்கவாட்டில் எடுத்து வைத்து ஒதுங்கினாள். பந்தி நடக்கிற இடத்தில் பெரியவர்களுக்கு வழிவிடுவது போலக் கையை லேசாக நீட்டி, "போங்க அக்கா" என்றாள்.

எங்கள் ஆல்ஸ்டாரில் அதுவும் ஒரு வழக்கம். முடிந்துபோன ஆட்டத்தில் வயதில் மூத்தவருக்குக் கடைசியாக ஒரு கூடையை விட்டுக்கொடுப்பார்கள். எல்லோரும் கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். வளையத்துக்குக் கீழே போட்டோக்காரர் ஏற்கனவே குந்தியிருந்தார். வழி திறந்து கிடந்தது. நான் போகவில்லை. பந்தைத் தட்டியபடி அங்கேயே நின்றேன்.

"அத்தன வளைவு எறங்கி எனக்கு வழி உடறதுக்கா வந்தே?" என்று கத்தினேன். "மறிச்சு ஆடு கண்ணு!"

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்திலிருந்து அந்தப் பணிவு கழன்று விழுந்ததைப் பார்த்தேன். முழங்காலை மடக்கி, இரண்டு கைகளையும் அகல விரித்து, குறுக்கே வந்து நின்றாள். நான் வலப்பக்கம் போவதாகக் காட்டி இடப்பக்கம் புகுந்தேன். இருபது வருடமாக எனக்குக் கைகொடுக்கிற வழி அது. எழும்பினேன். பந்து விரல் நுனியை விட்டுப் போனது. எங்கிருந்தோ அவள் உள்ளங்கை வந்து பந்தை அறைந்த சத்தம் கேட்டது. பந்து என் தலைக்கு மேலே பறந்து, முன் வரிசைக் காலி நாற்காலிகளில் போய் விழுந்து இரண்டைக் கவிழ்த்தது. நான் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருந்தேன். கூட்டம் எழுப்பிய சத்தம் அன்று எந்த டங்க்குக்கும் எழவில்லை.

அவள் ஓடிவந்து கையை நீட்டினாள். "சாரிங்க அக்கா, அடி பட்டுருச்சுங்களா?"

"சாரி சொன்னே, தொலைச்சுப்போடுவேன்" என்று அவள் கையைப் பிடித்து எழுந்தேன். பந்து வெளியே போனதால் எறிகிற உரிமை எங்களுக்குத்தான். கடிகாரத்தில் இன்னும் சில விநாடிகள் மிச்சமிருந்தன. எங்கள் நர்ஸ் கோட்டுக்கு வெளியே நின்று, யாருக்கு எறிவது என்று தேடினாள். நான் கையை உயர்த்திக் கேட்டு வாங்கினேன். வால்பாறைக்காரி மறுபடி முழங்காலை மடக்கிக் கைகளை விரித்து நின்றாள். நேராக அவளை நோக்கியே போனேன்.